ஜெசிந்தாவைப் பற்றி அப்பா எழுதியது

சேசு மரி சூசை துணை

திரேஸ்புரம், தூத்துக்குடி
23.6.1974, ஞாயிறு

அன்புள்ள மைத்துனன் லியோனுக்கு அத்தான் ரோச் எழுதுவது. உன் அக்காள் சவேரியாளும் பிள்ளைகளும் ஆண்டவர் கிருபையால் சுகம். மெட்ராஸில் உன் வீட்டிலும் எல்லோரும் சுகமாயிருக்க வேண்டுகிறோம்.

உன் கடிதம் நேற்றுப் பகல் கிடைத்தது. ஜெசிந்தாவின் மனுவை அந்தக் கல்லூரியில் ஒதுக்கி வைத்துவிட்டார்கள் என்றும், தகப்பன் எழுதியதுதான் காரணம் என்று அங்கே வேலை பார்க்கும் உன் சிநேகிதர் சொன்னார் என்றும் எழுதியிருந்தாய். "அத்தான், என்ன எழுதித் தொலைத்தீர்கள்?" என்று கேட்டிருந்தாய். மூத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது என்று முதலில் கோபம்தான் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது நான் எழுதச் சொன்னது நினைவுக்கு வந்து கோபம் போய்விட்டது.

உன் போன மாதக் கடிதத்தை இன்னும் சட்டைப் பையில்தான் வைத்திருக்கிறேன். வரலாறு பி.ஏ.வுக்கு இருபத்தைந்து இடம், நானூறு மனு. புகுமுக வகுப்பில் வரலாற்றுக்கு எண்பத்து மூன்று மார்க் வாங்கியவர்கள் சிலர்தான். ஆங்கிலத்தில் ஐம்பத்து நான்கு என்பதுதான் இடிக்கும், ஆனாலும் பத்துக்கு ஆறு பங்கு கிடைத்துவிடும் என்று கணித்திருந்தாய். அந்த ஆறு பங்கையும் நானே கெடுத்தேன்.

நடந்தது இதுதான். மனுவின் கடைசிப் பக்கத்தில், பெற்றோர் தம் பிள்ளையின் திறமையைப் பற்றி எழுத ஒரு கட்டம் இருந்தது. எனக்கு ஆங்கிலம் ஓடாது. எங்கள் மீன்துறை அலுவலகத்தில் டைப் அடிக்கிற தாணுலிங்கத்திடம் கொண்டுபோய், சுமாரான பிள்ளை, படிப்பில் பிரமாதமாக ஒன்றுமில்லை, சொன்ன வேலையைச் செய்வாள் என்று எழுதச் சொன்னேன். அவன் மிஷினிலிருந்து கையை எடுத்துவிட்டு, "அண்ணாச்சி, பெத்த பிள்ளைய இப்படியா எழுதச் சொல்லுதீய?" என்றான். "சொன்னத அடியும்வே" என்றேன். பாவி, ஒரு சொல் குறையாமல் அடித்துக் கொடுத்தான்.

நீ கடலில் இறங்காமல் படிக்கப் போனவன். ஆனாலும் உனக்குத் தெரியும். முத்துக்குளிப்பில் சிப்பியை அள்ளிக் கரையில் குவித்தால், ஏலம் முடிந்து திறக்கிற வரை எந்தக் குளியாளியும் தன் குவியலை நல்லது என்று சொல்ல மாட்டான். சொன்னால் உள்ளே ஒன்றும் இருக்காது என்று நம் ஆட்களுக்குப் பயம். கேட்டால் சுமார்தான் என்போம். இருபத்திரண்டு வயதில் கல்லைப் பிடித்துக் கடலில் இறங்கியவன் நான். குளிப்பு நின்று பதின்மூன்று வருடமாகியும் வாய் அப்படியே இருக்கிறது. ஜெசிந்தா முதல் வகுப்பில் தேறியபோது பக்கத்து வீட்டு மனுவேல் விசாரித்ததற்கும் சுமார்தான் என்றேன். அவள் பக்கத்தில்தான் நின்றாள். கண் பட்டுவிடக் கூடாது என்றுதான் கட்டத்திலும் அப்படியே எழுதச் சொன்னேன். பெற்ற தகப்பனே இவளை நம்பவில்லை என்று மெட்ராஸில் படிப்பார்கள் என்று நான் கண்டேனா?

அவளுக்கு இது தெரியாது. தினமும் தபால்காரர் வருகிற நேரத்துக்கு வாசலில் போய் நிற்கிறாள். கூடப் படித்த, அவளைவிட மார்க் குறைந்த ஒரு பெண்ணுக்கு நேர்முகக் கார்டு வந்துவிட்டது. "எல்லாம் அந்த இங்கிலீஷால வந்த வினை" என்று தாயிடம் சொல்லி அழுதாள். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாயிருக்கிறது.

என் அக்காள் வேறு வந்து உட்கார்ந்திருக்கிறாள். மாதா திருவிழா முடிந்ததும் தான் பார்த்திருக்கும் கொழும்பு மாப்பிள்ளைக்கு ஜெசிந்தாவை நிச்சயம் செய்துவிடலாம் என்கிறாள். இடம் கிடைக்காவிட்டால் சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன். பையன் நல்லவன்தான், குறை சொல்ல முடியாது. ஆனால் இவள் படிப்பு அதோடு போச்சு.

நேர்முகம் வியாழக்கிழமை, கார்டு கொடுப்பது செவ்வாயோடு முடிகிறது என்று எழுதியிருந்தாய். தபாலில் போட்டால் ஆகாது. உப்பு வியாபார வேலையாக இன்று மாலை ரயிலில் புறப்படுகிற நல்லக்கண்ணு அண்ணாச்சியிடம் இதைக் கொடுக்கிறேன். நாளைக் காலையில் உன் கையில் சேர்ப்பார். இதோடு இருக்கும் இன்னொரு தாள், அந்தக் கட்டத்துக்கு நான் இப்போது எழுதியது. தமிழில்தான் இருக்கிறது. நீ ஆங்கிலத்தில் எழுதி, இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்.

தாளில் இருக்கும் விஷயம் இது. எங்கள் அலுவலகக் குறிப்பில் ஒரு முத்துக்குளிப்பு தொடங்கிய மாதம் தப்பாயிருந்தது. அதில் குளித்த நான்கூடக் கவனிக்கவில்லை. ஜெசிந்தாதான் கண்டுபிடித்தாள். என்னையும் சேர்த்து ஏழு குளியாளிகளிடம் கேட்டாள், ஏழு பேரும் ஏழு விதமாகச் சொன்னோம். ஒருவர் மட்டும், அந்தக் குளிப்புக்கு முதல் படகு இறங்கிய அன்றுதான் தன் மகனுக்கு ஞானஸ்நானம் என்றார். உடனே பங்குச் சாமியாரிடம் போய்ப் பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்துத் தேதியைப் பிடித்துவிட்டாள். எங்கள் அதிகாரியே சிவப்பு மையில் திருத்தினார். இதைத்தான் தாளில் எழுதி, என் மகள் கெட்டிக்காரி, உங்கள் கல்லூரிக்குத் தகுந்தவள் என்று முடித்திருக்கிறேன். எழுதிய பிறகு, வாய்விட்டுச் சொல்லிவிட்டோமே என்று பயம் பிடித்துக்கொண்டது.

இவ்வளவும் எழுதி மேசையில் வைத்துவிட்டு, அண்ணாச்சி எப்போது புறப்படுகிறார் என்று கேட்கப் போனேன். திரும்பி வந்தால் ஜெசிந்தா தாளும் கையுமாக நிற்கிறாள். தாளை மட்டுமல்ல, இந்தக் கடிதத்தையும் படித்திருக்கிறாள். கண் சிவந்திருந்தது. "தேதி போடலையே அப்பா. தேதியில்லாத தாள யாரு நம்புவா?" என்று சொல்லிப் பேனாவை எடுத்து அவளே போட்டாள். பிறகு உள்ளே போய்ப் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைக்கிறாள். கார்டு வராமலே துடைக்கிறாளே என்று உன் அக்காள் கலங்குகிறாள். நான் தடுக்கவில்லை.

தகப்பன் ஏன் மாற்றிச் சொல்கிறான் என்று அங்கே கேட்டால், முதலில் சொன்னது பயத்தில் சொன்னது என்று சொல்லு. தாளில் தேதி மட்டும் வேறு கையெழுத்தாயிருக்கிறதே என்று கேட்டால், அது அவள் கையெழுத்து, அவளும் படித்துவிட்டாள் என்று சொல்லு. எதுவானாலும் செவ்வாய் மாலை தந்தி அடி. தந்திக்காரன் வரும்வரை நானும் அவளோடு வாசலில் நிற்பேன். பனிமய மாதா உன் காலுக்கு முன்னே போகட்டும்.

இப்படிக்கு
உன் அத்தான்,
ஜெசிந்தாவின் அப்பா ரோச்