ஒன்றை அரையால் பிரித்தால்

அக்கராயன்
20.01.2008

அன்பு மகள் அருந்ததிக்கு,

நானும் அம்மாவும் சுகம். கண்டிக் குளிரில் நீ தலைக்குத் துணி கட்டிக்கொண்டு படிக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறோம்.

நீ சொன்னபடி போன திங்கட்கிழமை பள்ளிக்கூடம் போனேன். ஓமந்தைச் சோதனைச்சாவடியால் உன்னை வர விடாததால் உன் ஆராய்ச்சிக்கு இனி அப்பாதான் கண்ணும் காதும். சாதாரண தரக் கணக்குச் சோதனையில் எழுதிய ஒவ்வொரு முறையும் கோட்டை விட்டவனை ஏழாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் கடைசி வாங்கில் இருத்தியிருக்கிறாய். முழங்கால் மேசைக்குள் அடங்கவில்லை. "இந்த மனுசனை இப்பதான் ஏழாம் வகுப்புக்கு ஏத்தியிருக்கினம்" என்று அம்மா அயலெல்லாம் சொல்லித் திரிகிறாள்.

விமலேஸ்வரி ரீச்சர் நீ எழுதியபடிதான் செய்கிறா. ஏ வகுப்பில் பிள்ளைகள் நாலு நாலு பேராக இருந்து, ரீச்சர் சொல்லித்தர முன்னமே பின்னக் கணக்கைத் தங்களுக்குள் கதைத்து விளங்கப்படுத்துகிறார்கள். பி வகுப்பில் வழமைபோல ரீச்சர் கரும்பலகையில் எழுத, அவர்கள் வாய் திறக்காமல் பார்த்து எழுதுகிறார்கள். தவணை முடிவில் இரண்டு வகுப்புக்கும் ஒரே சோதனை வைத்து, யாருக்கு நன்றாக விளங்கியது என்று நீ பார்க்கப்போகிறாய். இவ்வளவும் என் மண்டைக்குள் போய்விட்டது.

போகாதது ஒன்றுதான். ஒன்றை அரையால் பிரித்தால் இரண்டு வருமாம். பிரித்தால் குறையத்தானே வேண்டும்? எப்படிக் கூடும்? எழுதி அனுப்பு.

அன்பு அப்பா
க. கனகலிங்கம்


கண்டி
11.02.2008

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் குறிப்புகள் கிடைத்தன. பிள்ளைகள் சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருக்கிறீர்கள். என் பேராசிரியை வாசித்துச் சிரித்தா, பிறகு நல்ல வேலை என்றா.

ஒன்றை மட்டும் மறக்கவேண்டாம். நீங்கள் பார்க்கலாம், கேள்வி கேட்கக் கூடாது, சொல்லிக் கொடுக்கவும் கூடாது. ஏ வகுப்பில் நடப்பது பி வகுப்புக்குப் போகவே கூடாது. போனால் ஒப்பிட ஒன்றும் இராது. என் இரண்டு வருட வேலை அதோடு போய்விடும்.

அரைக் கணக்கை நான் வந்து சொல்லித்தாறன். அம்மாவை மூச்சு முட்டுக்கு மருந்து எடுக்கச் சொல்லுங்கோ.

உங்கள் மகள்
அருந்ததி


அக்கராயன்
30.03.2008

அன்பு மகளுக்கு,

பிழை விட்டுவிட்டேன். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

பக்கத்துக் காணித் தங்கராசாவின் மகள் வினோஜாவை உனக்குத் தெரியும்தானே. பி வகுப்பு. பள்ளி விட்டால் நான் சைக்கிளை உருட்ட, பக்கத்தில் நடந்து வருவாள். ஒருநாள் கேட்டாள்: "மாமா, ஏ வகுப்புக்காரர் கதைச்சுக் கதைச்சுப் படிக்கினம். எங்களை மட்டும் ஏன் வாயைப் பொத்தச் சொல்லுறியள்? நாங்கள் என்ன மொக்கரே?"

இது ஆராய்ச்சி, முடிந்தபிறகு உங்களுக்கும் கிடைக்கும் என்று சமாளித்தேன். எப்போது என்றாள். அடுத்த தவணை இந்தப் பள்ளிக்கூடம் இந்த இடத்தில் இருக்கும் என்று எனக்கு யார் எழுதித் தந்தார்கள்? மேற்கே கேட்கும் எறிகணைச் சத்தம் கிழமைக்குக் கிழமை கிட்டவாகிறது.

பின்னேரங்களில் பி வகுப்புப் பிள்ளைகளைக் குளக்கட்டில் இருத்தினேன். சொல்லிக் கொடுக்கவில்லை, அதற்கு எனக்குத் தெரிந்திருக்க வேண்டுமே. "எனக்கு விளங்கேல்லை, சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னேன். ஒருவர் சொல்ல மற்றவர் மறுக்க, பொழுதுபடும் வரை சண்டை. அந்த அரைக் கணக்கை மட்டும் ஒருவராலும் இந்தத் தலைக்குள் ஏற்ற முடியவில்லை.

சோதனையில் பி வகுப்பு ஏ வகுப்புக்குக் கிட்ட வந்துவிட்டது. உன் முறை பலிக்கவில்லை என்று நீ எண்ணிவிடுவாயோ என்ற பயத்தில்தான் எழுதுகிறேன். பலித்தது பிள்ளை, இரண்டு வகுப்பிலும்.

அப்பா


கண்டி
21.04.2008

அப்பா,

உங்களுக்கு அது இரக்கம். எனக்கு அது இரண்டு வருடம். பி வகுப்பு இனி ஒப்பிட உதவாது. கெடுத்தது என் சொந்த அப்பா என்று பேராசிரியையிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

இந்த முறை நல்லது என்று நிறுவியிருந்தால் எத்தனையோ பள்ளிக்கூடங்களுக்குப் போயிருக்கும். நீங்கள் ஒரு வகுப்பை மட்டும் பார்த்தீர்கள்.

இனி வகுப்புப் பக்கம் போகவேண்டாம். கணக்கு, கேள்வி ஒன்றும் எனக்கு எழுதவும் வேண்டாம். அம்மாவின் சுகத்தை மட்டும் எழுதுங்கோ.

அருந்ததி


உடையார்கட்டு
14.12.2008

அன்பு மகளுக்கு,

அம்மா சுகம். நீ கேட்டது அது மட்டும் என்பதால் இத்தனை மாதமும் அதை மட்டும் எழுதினேன். இன்றைக்குக் கொஞ்சம் மீறுகிறேன். வவுனியா ஆஸ்பத்திரிக்கு நோயாளியோடு போகும் ஒருவர் இதைத் தபாலில் போடுவார். அடுத்த கடிதத்துக்கு ஆள் கிடைக்குமோ தெரியாது.

அக்கராயனை விட்டு, இடம் மாறி மாறி, இப்போது இங்கே தறப்பாள் கூடாரத்துக்குள் இருக்கிறோம். வரும் வழியில் செல் விழுந்து தங்கராசா போய்விட்டான். தாயில்லாத பிள்ளை, வினோஜா இப்போது எங்களோடு.

உன் சொல்லை மீறவில்லை. நான் வகுப்புப் பக்கம் போகவில்லை, வகுப்புத்தான் எங்கள் தறப்பாளுக்கு வந்தது. விமலேஸ்வரி ரீச்சர் இங்கேதான் படிப்பிக்கிறா. ஏ, பி என்று பிரிக்க இடமுமில்லை, பிள்ளைகளும் போதாது. பங்கர்க் குழிக்குள் ஓட வேண்டி வந்தால் விட்ட இடத்திலிருந்து அங்கே கதைக்கிறார்கள்.

போன கிழமை ஒருநாள் அம்மா சாப்பிட்டபின் ஒரு றொட்டிதான் மிஞ்சியிருந்தது. எனக்குப் பசியில்லை என்றேன். வினோஜா அதைக் கையில் எடுத்தாள்.

"மாமா, ஆளுக்கு அரை றொட்டி. இது எத்தினை பேருக்குக் காணும்?"

"ரெண்டு பேருக்கு."

"ஒண்டை அரையால பிரிச்சா ரெண்டு. இப்பவாவது விளங்குதோ?"

ஒரு பாதியை என் கையில் வைத்தாள். விளங்கியது. றொட்டி கூடவில்லை, சாப்பிட்ட ஆட்கள்தான் கூடினோம்.

அடுத்தது ஒன்றை மூன்றில் இரண்டால் பிரிப்பதாம். அது விளங்கவில்லை. உன்னைக் கேட்கமாட்டேன். நீ வேண்டாம் என்றிருக்கிறாய்.

அம்மா சுகம்.

அப்பா


கண்டி
07.06.2009

இதைத் திறப்பவருக்கு: அக்கராயன் கனகலிங்கம் என்பவரைத் தேடுகிறேன். உயரமானவர், தன்னைத்தானே பகிடி பண்ணிக் கதைப்பார். மனைவி நாகேஸ்வரி. வினோஜா என்ற பிள்ளையும் கூட இருக்கலாம். சண்டை முடிந்து எந்த முகாமில் இருக்கிறார்கள் என்று தெரியாததால் செட்டிகுளத்து முகாம் ஒவ்வொன்றுக்கும் இதே கடிதத்தை எழுதி அனுப்புகிறேன். தெரிந்தால் கொடுத்துவிடுங்கோ.

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் மார்கழிக் கடிதம் தை கடைசியில் கிடைத்தது. உடனே பதில் எழுதினேன். அது திரும்பி வந்துவிட்டது.

ஒப்பிட இரண்டாவது வகுப்பு எங்கே என்று இங்கே பல்கலைக்கழகத்தில் கேட்டார்கள். இரண்டு வகுப்பும் ஒரே தறப்பாளுக்குள் படித்தன என்று சொன்னேன். வேறு ஊரில் புதிதாகத் தொடங்கச் சொல்கிறார்கள். தொடங்குவேன். பார்த்து எழுதும் வகுப்புக்கும் அடுத்த தவணையே அந்த முறை கிடைக்க வேண்டும் என்று முதலிலேயே எழுதி வைத்திருக்கிறேன். வினோஜாவுக்கு அந்த மறுமொழி போதாது என்று தெரியும்.

நேற்று விடுதிக் குசினியில் ஒரு றொட்டி சுட்டேன். ஆளுக்கு மூன்றில் இரண்டு என்று பிய்த்தேன். ஒருவருக்கு முழுப் பங்கு வந்தது. அடுத்தவருக்கு அந்தப் பங்கில் பாதிதான் மிஞ்சியது. ஒன்றரை. புத்தகத்து விடையும் அதுதான். அந்தப் பாதியை நான் சாப்பிடவில்லை.

கேட்கவேண்டாம் என்று எழுதியது நான். இப்போது நான்தான் கேட்கிறேன். அந்தப் பாதி ஆருக்கு அப்பா? எனக்கு விளங்கேல்லை. வந்து சொல்லுங்கோ.

உங்கள் மகள்
அருந்ததி