மில்லுக்குப் பின்னால் ஒரு காணி

மச்சான்,

இன்று காலை மில்லில் நெல் ஊறிய தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். முன்பென்றால் அந்த நேரம் ஏறாவூரில் பாதிப்பேர் மூக்கைப் பொத்துவார்கள். பக்கத்தில் நின்ற எனக்கு ஒன்றும் மணக்கவில்லை. ஆனால் நீ மௌத்தாகி, உன்னை அடக்கிவிட்டு வந்த பிறகு எனக்கு எதுவுமே சரியாக மணப்பதில்லை. அதனால் தங்கச்சியிடம் கேட்டேன். "ஒரு நாத்தமும் இல்ல காக்கா" என்றாள், உன் மனைவி. உன் தொட்டிகள் இன்னும் வேலை செய்கின்றன.

நெல் அவிக்கிற மில்லின் புளித்த தண்ணீர் வாவிக்குத்தான் போகும், நம் வாப்பாமார் காலத்திலிருந்தே. அதைத் தேக்கித் தெளியவைத்துத்தான் விட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். வேறு இடமில்லாததால் நெல் காயவைக்கும் களத்தில் பாதியை உடைத்துத் தொட்டி கட்டத் தொடங்கினாய். களம் பாதியென்றால் நெல்லும் பாதி, ஆட்களுக்கு வேலையும் பாதி. "லாபம் ஊருக்கு, நட்டம் நமக்கா?" என்று கத்தினேன்.

"நாமளும் ஊருக்குள்ளதானே இருக்கம்" என்று சொல்லிவிட்டு சீமெந்து குழைக்கப் போய்விட்டாய். உன்னோடு சண்டை பிடிப்பதற்கு மதிலோடு பிடிக்கலாம்.

அடுத்த போகத்தில் வட்டை வயல்களிலிருந்து நெல் ஏற்றி வந்த உழவு மெஷின்கள் நம் வாசலைத் தாண்டிப் போயின. ஒருவரை மறித்துக் கேட்டேன். "மில்லப் பூட்டிட்டீங்க எண்டெல்லோ நினைச்சம், நாத்தமே வரல்லையே!" என்றார். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். போன நெல் போனதுதான். உமியை எரித்து விறகுச் செலவைக் குறைத்தாய், அது கொஞ்சம் தாங்கியது. இறால் வலைக்காரர்கள் நம் கரைக்குத் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு நல்லது.

நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள் இத்தா இருந்து முடிந்து வெளியே வந்ததும் தங்கச்சி கேட்ட முதல் விசயம் இதுதான்: "தொட்டிய மூடிருவம் காக்கா. புள்ளைக்கு வீடு கட்டணும்." பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் நம்மூரில் ஏது கலியாணம்? பாதி மில்லின் வருமானத்தில் ஊருக்குள் காணி வாங்க முடியாது. நான் தலையாட்டினேன். தொட்டியை நிரப்பிப் பழையபடி களமாக்க மண் லொறிக்கும் சொல்லிவிட்டேன்.

லொறி வருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள். வீடு எங்கே என்று கேட்டார்கள். நம்மிடம் இருந்ததெல்லாம் மில்லுக்குப் பின்னால் அந்தப் பற்றைக் காணிதான், நாற்றத்துக்குப் பயந்து சும்மா கொடுத்தாலும் ஒருவரும் வாங்காதது. தங்கச்சி வெட்கத்தோடு கூட்டிப்போய்க் காட்டினாள். மாப்பிள்ளையின் உம்மா வாவிப் பக்கம் திரும்பி ஆழமாக மூச்சை இழுத்தா. "காத்து நல்லா வருது. வீட்ட இஞ்சயே கட்டுங்களன்" என்றா. தங்கச்சி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் லொறிக்காரனைக் கூப்பிட்டு, வர வேண்டாம் என்றேன்.

அத்திவாரம் வெட்டியாயிற்று. காணிக்குப் போகாத காசில் சுவர் எழும்பும். மில் இன்னும் பாதிக் களத்தில்தான் ஓடுகிறது, அதனால் நீ சொன்னது முழுக்கச் சரியென்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தொட்டிச் சேற்றை நானே இறங்கி அள்ளுகிறேன். வேறு யாரும் ஒழுங்காக அள்ளுவதில்லை.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, மச்சான். உன் மகள் அந்த வீட்டில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குவாள்.