நீ அனுப்பிய சத்து மாத்திரை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று வழக்கம்போல எழுத இந்த முறை கை வரவில்லை.

நீ அனுப்பிய சத்து மாத்திரை வந்ததும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை, தான் ஓட்டுகிற பள்ளிக்கூட வேனில் ஏறுகிற பிள்ளைகளிடமெல்லாம் என் மகன் அனுப்பினான் என்று சொல்லியிருக்கிறார். போட்டுக்கொண்ட மறுநாளே சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போனது. உன் பெரியப்பா மஞ்சள் காமாலையில் போனது உனக்குத் தெரியும், அது இவர் மண்டையில் ஏறிவிட்டது. டாக்டரிடம் போனால் வேனைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து, தனக்குத் தானே பத்தியம் வைத்துக்கொண்டார். மாத்திரை வேண்டாம், பால் தயிர் முட்டை கறி எதுவும் வேண்டாம், வெறும் கஞ்சி. மாத்திரையை நிறுத்தினால் மஞ்சள் போகத்தானே செய்யும், அவரோ பத்தியம் பலித்துவிட்டது என்று இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் அழுதும் பார்த்தேன், சண்டை போட்டும் பார்த்தேன். அந்தச் சமயத்தில் நீ போன் பண்ணி மாத்திரை வந்ததா என்று கேட்டாய், வந்தது என்றேன், சரி என்று வைத்துவிட்டாய். உன்னிடம் சொல்லக்கூடாது, லீவு போட்டு ஓடி வந்துவிடுவான் என்று அப்பா தடுத்திருந்தார். என்ன நம்பிக்கை பார்.

நாலைந்து மாதத்தில் வாயோரம் இரண்டு பக்கமும் வெடித்து, நாக்கு செக்கச்செவேல் என்றாகி, காலை வெயிலுக்குக் கண் கூசி நீர் கொட்ட, பிள்ளைகள் உயிரோடு விளையாடக்கூடாது என்று வேன் சாவியை அவரே கொடுத்துவிட்டு வந்தார். அப்புறம்தான் டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனேன். ரத்தம் பார்த்துவிட்டு ஈரலில் ஒன்றுமில்லை என்றார். மாத்திரையில் ரிபோஃப்ளேவின் என்று ஒரு சத்து, அதன் நிறமே மஞ்சளாம், உடம்புக்கு மிஞ்சினது வெளியே போயிருக்கிறது, அவ்வளவுதான். இந்தப் புண்ணும் கண் கூச்சமும், அதே சத்து பாலிலும் முட்டையிலும் இருப்பதை இவர் ஒதுக்கியதால் வந்ததாம். "அனுப்புனவங்க இதச் சொல்லலையா?" என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டு, "சொன்னான்மா, நான்தான் மறந்துட்டேன்" என்றார். ஒரு வரி எழுதிப் போட உனக்கு நேரமில்லை, உன் மானத்தைக் காப்பாற்ற இவர் பொய் சொல்கிறார்.

இப்போது பாலும் முட்டையும் சாப்பிடுகிறார், புண் ஆறிவிட்டது. வேனுக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். காலையில் அது நம் தெருவில் ஹாரன் அடிக்கும்போது எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுகிறார்.

என் கோபம் என்னோடு இருக்கட்டும், உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது. வேளைக்குச் சாப்பிடு. இந்த வாரம் போன் பண்ணினால் என்னிடம் பேசாதே, அவரைக் கூப்பிடு. சாவியைக் கொடுத்தது உனக்குத் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார், இன்னும் வேன் ஓட்டுவதாகத்தான் சொல்வார். நம்பின மாதிரி கேட்டுக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா