கரியனுக்கு வரும் வலிப்பு

கடத்தூர்,
சுபானு வருஷம், பங்குனி மாதம்.

அன்புள்ள மாமா அவர்களுக்கு,

தீர்த்தம்மாள் வணங்கி எழுதிக்கொள்வது. இவ்வளவு நேரம் கழித்து எழுத உட்கார்ந்ததற்கு மன்னிக்க வேண்டும். உங்கள் மகள் செல்லி இப்போதுதான் கண் அயர்ந்தாள். பங்கீட்டில் தரும் சீமையெண்ணெய் தீர்ந்துபோய் ஆமணக்கெண்ணெய் விளக்கில் எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். உங்கள் கடைசிக் கடிதம் பொங்கலுக்கு முன்னால் வந்தது. பட்டாளத்தை வேறு இடத்துக்கு மாற்றுகிறார்கள், ஊர்ப் பெயர் எழுதக்கூடாது என்று எழுதியிருந்தீர்கள். அதற்குப் பிறகு நான் போட்டவை உங்களுக்குச் சேர்ந்தனவா தெரியவில்லை. தபால்காரர் நம் வாசலைத் தாண்டும்போது இப்போதெல்லாம் எதிர் வரிசையைப் பார்த்துக்கொண்டு போகிறார்.

செல்லி நடக்கிறாள். கரியனின் காதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கப் பழகினாள். அவனைக் ‘கயி’ என்று கூப்பிடுகிறாள். உங்கள் போட்டோவைக் காட்டி இது யார் என்று கேட்டால் அதற்கும் ‘கயி’தான்.

கரியனைப் பற்றித்தான் எழுத வேண்டும். நீங்கள் சித்தேரி மலையிலிருந்து மடியில் கட்டிக்கொண்டு வந்த நாய்க்குட்டி, இன்று கன்றுக்குட்டி உயரம். தை கடைசியில் ஒருநாள் செல்லியோடு தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவன் திடீரென்று சாய்ந்தான். கால் நான்கும் நீந்துவதுபோல் அடித்துக்கொண்டன. வாயெல்லாம் நுரை. குழந்தை அந்த நுரையைத் தொட்டுவிட்டாள். வெறி பிடித்துவிட்டது என்று பக்கத்து வீட்டுச் சின்னக்கா போட்ட கூச்சலில் ஆட்கள் உலக்கையும் தடியுமாக வந்துவிட்டார்கள். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திண்ணையேறிவிட்டேன். அத்தைதான் குறுக்கே போய் நின்றார்கள்.

“எம்பையனுக்கு வர்ற கண்டத்த இந்த வாயில்லாச் சீவன் வாங்கிக்கிதுங்க. இதும் மேல கை வெச்சா அவன் மேல வெச்சாப்புலங்க” என்றார்கள்.

தடி ஓங்கியவர்களில் இரண்டு பேருடைய பிள்ளைகளும் பட்டாளத்தில் இருக்கிறார்கள். தடியைக் கீழே போட்டார்கள். மணியக்காரர் மாதப்பன் மட்டும், இன்னொரு தரம் தெருவில் விழுந்தால் தன்னால் யாரையும் தடுக்க முடியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து மாட்டுக்கொட்டகையில் சங்கிலிதான்.

மறுநாளே வண்டி கட்டி தர்மபுரி மாட்டு டாக்டரிடம் கொண்டுபோனேன். நாயை வண்டியில் உட்காரவைத்துப் போவது பொண்ணு அழைத்துப் போகிற மாதிரி இருக்கிறது என்று சின்னக்கா சிரித்தாள். சிரித்தால் சிரிக்கட்டும். டாக்டர், இது வெறி இல்லை, காக்காய் வலிப்பு, குழந்தைக்கு ஒன்றும் வராது என்று சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் இது அடியோடு தீராதாம். உயிர் உள்ள மட்டும் வேளை தவறாமல் பொடி கொடுக்க வேண்டுமாம். நிறுத்தினால் ஒன்றன்பின் ஒன்றாக வந்து உயிரையே கொண்டுபோய்விடும் என்றார். கிணற்றுப் பக்கமும் அடுப்புப் பக்கமும் விடாதே என்றார். கிணற்றைச் சுற்றி முள் அடைத்துவிட்டேன்.

மாசி முழுவதும் ஒரு தரம்கூட வரவில்லை. ராகிக் களி உருண்டைக்குள் பொடியை வைத்துக் காலையும் மாலையும் அத்தைதான் போட்டார்கள். பங்குனி பிறந்ததும் மறுபடி ஆரம்பித்தது. நேற்று முன்தினம் பொழுது சாயும் நேரத்தில் வந்த வலிப்பு லேசில் விடவே இல்லை. அடங்கின பிறகும் வெகுநேரம் என்னை அடையாளம் தெரியாமல் பார்த்தான்.

நேற்று ராகி எடுக்கக் குதிருக்குள் கைவிட்டேன். பொடிப் பொட்டலங்கள், பிரிக்காமல் அப்படியே கிடந்தன. எனக்கு வந்த ஆத்திரத்தில் ஏதேதோ கேட்டுவிட்டேன், மாமா. அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. மாசி பூராவும் கொடுத்தார்களாம். வலிப்பு நின்றது, உங்கள் கடிதமும் வரவில்லை. அதனால் நிறுத்தினார்களாம். “மருந்து குடுத்து நிறுத்திப்புட்டா அது எங்க போவும், சொல்லு கண்ணு” என்று என்னையே கேட்டார்கள்.

மெட்ராஸில் போய்ப் படித்தவள் நான். எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். இனிமேல் கரியனுக்கு நானே சாப்பாடு போடுகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

இன்று சாயங்காலம் களி உருட்டினேன். நடுவில் குழி செய்து பொடியைக் கொட்டப் போனேன். கை அப்படியே நின்றுவிட்டது. பொடி வைக்காத உருண்டையைத்தான் அவன் முன்னால் போட்டேன். அவன் வாலை ஆட்டிக்கொண்டு தின்றான். அத்தை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

இதை எழுதும்போதே கொட்டகையில் சங்கிலி சத்தம் கேட்டு இருமுறை எழுந்து போய்ப் பார்த்துவிட்டேன். சொறிந்துகொண்டிருக்கிறான், அவ்வளவுதான். வந்து உட்கார்ந்தால் மறுபடி காது அங்கேயே போகிறது. பொட்டலம் என் மடியில் இருக்கிறது. காலையில் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

நேற்று முன்தினம் பொழுது சாயும் நேரத்தில் எங்கே இருந்தீர்கள்? ஊர்ப் பெயர் வேண்டாம். நன்றாக இருந்தீர்களா என்று மட்டும் எழுதுங்கள். உங்கள் பட்டாளத்தார் எல்லோரையும் தீர்த்தமலையான் காப்பாற்றட்டும்.

ஒரு கார்டு போதும், மாமா. உங்கள் கையெழுத்தைப் பார்த்துவிட்டால் அத்தை கையாலேயே மருந்தைக் கொடுக்கச் சொல்வேன். அதுவரை கரியன் தாங்க வேண்டும். சீக்கிரம் பதில் போடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் தீர்த்தம்மாள்