கண் விழித்தவள் கண்டது உங்களை

சிஸ்டர்,

இன்று காலை ஆர்.எஸ்.புரத்தில் என் கிளினிக் வாசலில் ஒரு பெண் உங்கள் பெயரைச் சொல்லி, "ஓடாத கண்ணு, உளுந்துபோடுவே" என்று அதட்டினாள். சட்டென்று திரும்பிப் பார்த்தேன். அதட்டு வாங்கியது ஒரு சிறுமி, காய்ச்சலுக்கு மருந்து வாங்க வந்தவள். அதட்டிய அவள் அம்மாவைப் பார்த்ததுமே யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. அவளோ என்னை உற்றுப் பார்த்து, "ஏனுங்க, நீங்களும் அந்த ஆஸ்பத்திரியிலதான இருந்தீங்க? சிஸ்டரம்மா சௌக்கியமுங்களா?" என்றாள். நீங்களுமாம்! போன தை மாதம் நீங்கள் போய்விட்டதைச் சொன்னேன். தேம்பித் தேம்பி அழுதாள். எனக்கு வயிறு எரிந்தது. செத்தவர் மேலுமா பொறாமை என்று கேட்காதீர்கள். ஆமாம், பொறாமைதான்.

பொள்ளாச்சிப் பக்கம் நாம் வேலை பார்த்த அந்தச் சின்ன மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவளை மாட்டு வண்டியில் கொண்டுவந்தார்கள். வயிற்றுக்குள் குழந்தை குறுக்கே கிடந்தது. கம்பவுண்டர் தலைமாட்டில் நின்று மயக்க மருந்தான ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டு நாடி பிடித்துக்கொண்டார். நான் வயிற்றைத் திறந்தேன். மூச்சில்லாமல் நீலம் பாய்ந்து வந்த பிள்ளையை உங்கள் கையில் கொடுத்தேன்.

"நாடி எறங்குதுங்க டாக்டரம்மா" என்றார் அவர்.

"நீங்க தாயப் பாருங்க, புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றீர்கள்.

தையல் போட்டுக்கொண்டிருக்கும்போது பிள்ளை வீறிட்டது. மூவரில் யார் கை பிசகியிருந்தாலும் ஓர் உயிர் போயிருக்கும்.

பிறகு அவள் வீட்டார் வெல்லத்தோடு வந்து, பிள்ளைக்கு உங்கள் பெயரையே வைத்துவிட்டதாகச் சொன்னார்கள். மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்ட குடும்பம், ஊரில் யார் வாயிலும் நுழையாத உங்கள் வேதக்காரக் கிறிஸ்தவப் பெயரை வைத்தது! கம்பவுண்டர் வெல்லத்தைக் கடித்துக்கொண்டு சிரித்தார். நான் என் பங்கைத் தொடவில்லை. உங்களிடம் சண்டைக்கே வந்தேன்.

"அறுத்தது நான், பேரு உங்களுக்கா?"

நீங்கள் கோபித்துக்கொள்ளவே இல்லை. "நீங்க தூங்க வெச்சுப்போட்டுத்தானுங்களே அறுத்தீங்க? அவ கண்ணு முழிக்கறப்ப நீங்க கை கழுவப் போயிட்டீங்க. நாந்தானுங்க பக்கத்துல இருந்தேன்" என்றீர்கள்.

நீங்கள் சொன்னது சரி. அதனால்தான் இன்னும் எரிகிறது. அதற்குப் பிறகு எந்த ஆபரேஷன் முடிந்தாலும், மயக்கம் தெளியும்வரை நான் கட்டிலை விட்டு நகர்வதில்லை. கண் விழிக்கிறவர்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி குடுங்க சிஸ்டர்" என்கிறார்கள். பஞ்சை நனைத்து உதட்டில் வைக்கிறேன். நான் டாக்டர் என்று இதுவரை ஒருத்தியிடமும் சொன்னதில்லை.