ஆவணி ஞாயிறும் வாக்குப் பெட்டியும்

1997 ஆகஸ்ட் 5, செவ்வாய்

விடியத் திரும்பவும் தொடங்கிய மழை. உடுப்பு மூன்று நாளாய் வீட்டுக்குள் கொடியில். எல்லாவற்றிலும் ஈரவாடை.

செய்ய வேண்டியவை:
நூலகப் புத்தகம் புதுப்பிக்க.
கட்டுரை, இரண்டாயிரம் சொல், 22ஆம் திகதிக்குள்.
கொழும்புக்கு எடுத்துத் தம்பியோடு கதைக்க.
மகளின் சப்பாத்து.

பதினொரு வருடம் யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படிப்பித்தவளுக்கு இங்கே படிப்பிக்கத் தகுதி போதாதாம். பல்கலைக்கழகத்தில் இன்னும் இரண்டு பாடம் எடுத்துக் காட்டட்டாம். அதுவரை முதியோர் இல்லத்தில் படுக்கை விரிக்கிற வேலை. எடுத்த பாடம்: போன நூற்றாண்டு அமெரிக்க நகரங்கள். கட்டுரைக் கேள்வி: நகரத்து அரசியல் பெரும்புள்ளிகள் குடியேறிகளை ஏமாற்றினார்களா? விரிவுரையாளர் கேட்ட தொனியிலேயே விடை இருந்தது. ஓம், ஏமாற்றினார்கள்.

தேநீர் இடைவேளையில், என்னோடு இல்லத்தில் வேலை செய்யும் மாலதி அழுதாள். கணவரின் சித்தப்பா ஊரில் காலமாகிவிட்டார், நேற்றுத்தான் செய்தி. 'அண்ணன் தம்பி நாலு வீட்டுக்கும் முப்பத்தொரு நாள் துடக்கு அக்கா. நாலு குடும்பமும் மாசிப் பக்கத்திலதானே இருக்கினம், நடந்து போற தூரம். ஒண்டாயிருந்து அழுகினம்.' பாவம். அவளுடைய பங்குக்கு இரண்டு அறை நான் கூட்டினேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மழை விட்டது. குளிர் விடவில்லை, இந்த நாட்டில் ஆகஸ்ட் குளிர்காலம்.

மாலையில் நாயகம் அண்ணை வந்தார், தம்பியின் விசாவுக்கான கடிதத்தோடு. இனி நா.அ. என்றே எழுதுகிறேன், கை நோகிறது. ஆறு வருடமாய் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர். நகரத்துக்கு வெளியே புக்கெகோஹியில் மரக்கறி பொதி செய்யும் இடத்தில் மேற்பார்வையாளர். ஒரு வான், இரண்டு தொலைபேசி. தம்பிக்கு அங்கே வேலை இருக்கிறது, சங்கம் பொறுப்பு நிற்கும் என்று கடிதம். நல்ல ஆங்கிலம், நான்தான் திருத்தினேன். அடியில் கையெழுத்து இல்லை.

'தலைவர் எண்ட முறையில வைக்கிற கையெழுத்து, தங்கச்சி. தேர்தல் முடியட்டும். பிறகு ஆரும் கேள்வி கேக்கேலாது.'

நியாயம்தான் என்று பட்டது. தேநீர் ஊற்றும்போது வாய் சும்மா இருக்கவில்லை, மாலதி வீட்டுச் செய்தியைச் சொன்னேன். 'ஐயோ, எப்ப?' என்றார். பாதித் தேநீரோடு எழும்பி நேரே அவர்கள் இருக்கும் மாசிப் பகுதிக்குப் போனார், வானில் ஒரு பெட்டி முட்டைக்கோவாவோடு. தேர்தலில் அவரை எதிர்த்து நிற்பவரே மாலதியின் கணவர் சிவபாலன்தான். இருந்தும் போனார். பெரிய மனம் என்று நினைத்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

தபாலில் சங்கத்தின் அறிவித்தல். செப்டம்பரில் நடக்க வேண்டிய பொதுக்கூட்டம் ஆகஸ்ட் 24க்கு முன்தள்ளப்பட்டிருக்கிறது. 'ஆவணி ஞாயிறு, சுபதினம். மண்டபத்தில் விளக்குப் பூசை, அதைத் தொடர்ந்து தேர்தல். நேரில் வருவோர்க்கே வாக்கு.' தேர்தல் அதிகாரி: நான். என் பெயருக்குப் பின்னால் ஆசிரியை என்றும் போட்டிருந்தார்கள். இரண்டு தரம் வாசித்தேன். வெட்கமாய்த்தான் இருக்கிறது, சந்தோசப்பட்டேன்.

வெங்காயம் உரிக்கும்போதுதான் உறைத்தது. எந்த வருடமும் கூட்டத்தில் பூசை வைத்ததில்லை. வடையும் தேநீரும் சண்டையும்தான். இப்போது மட்டும் ஏன் விளக்கு? விரலில் எண்ணினேன். 24ஆம் திகதி மாலதி வீட்டார் இன்னும் துடக்கில், சாவுத் தீட்டு. விளக்கேற்றிய மண்டபத்துக்குள் காலடி வைக்க மாட்டார்கள். நாலு வீடு, பெரியவர்கள் மட்டும் பதினெட்டுப் பேர். யாரும் தடுக்கத் தேவையில்லை, தாங்களாகவே வீட்டில் நிற்பார்கள்.

நா.அ.வுக்கு அந்தச் செய்தியைச் சொன்னது யார்? நான்.

கறிக்கு உப்புப் போட மறந்துபோனேன். இவர், என் வீட்டுக்காரர், தானே எழும்பி உப்புப் போத்தலை எடுத்தார்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

நூலகம். வெயில், ஆனால் பல் கிட்டும் குளிர்.

புத்தகத்தில்: அந்த அரசியல் பெரும்புள்ளிகளின் ஆட்கள் கப்பலடியில் காத்து நிற்பார்களாம். வந்து இறங்குகிறவனுக்குக் குளிர்காலத்துக்கு நிலக்கரி, நகரசபையில் ஒரு வேலை, குடியுரிமைப் பத்திரத்துக்குச் சாட்சி. வட்டாரத்தில் ஒரு செத்தவீடு தவறவிட மாட்டார்கள். எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த வீட்டில் கிழவர் போனார், எல்லாம் தெரியும். பதிலுக்குக் கேட்டது ஒரே ஒரு வாக்கு. அந்த வாக்குகளை வைத்துக்கொண்டு மேலே ஊரையே சுருட்டினார்கள்.

வாசித்துக்கொண்டே மங்கரே விமான நிலையத்தை நினைத்தேன். நாங்கள் வந்திறங்கிய அன்று மூன்று பேருக்கு ஒரு சுவெட்டர். வாசலில் முன்பின் தெரியாத ஒரு மனிதர், கையில் மூன்று பழைய கோட். மகளுடையது மட்டும் அளவாய் இருந்தது. இவருக்கு விமானச் சரக்குப் பகுதியில் வேலை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான், நா.அ. அந்தக் கோட்டுக்கு என்ன அடிக்குறிப்புப் போடுவது?

நா.அ. ஊரைச் சுருட்டவில்லை. சுருட்ட எங்களிடம் என்ன இருக்கிறது, ஒரு ஒலிபெருக்கியும் எழுபது கதிரையும். ஆனால் அவர் தலைவராய் இருந்தே ஆகவேண்டும். அது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தம்பியோடு கதைத்தேன். செப்டம்பர் 2 விசாவுக்கு நேர்முகம். வெள்ளவத்தையில் லொட்ஜ் அறையை விட்டு வெளியே போவதில்லையாம். போன கிழமையும் பொலிஸ் வந்து பக்கத்து அறைப் பொடியன்களைக் கொண்டுபோனது. 'கடிதம் எப்பக்கா வரும்?' என்று கேட்டான். வரும் என்றேன். குரல் மெலிந்திருந்தது. குரல்கூட மெலியுமா? மெலிந்திருந்தது.

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

'நீர் பேசாமல் இரும். துடக்குக்காரர் வராட்டி அது நாயகம் அண்ணையின்ர பிழையோ?'

'அதிகாரி நானப்பா.'

'பேருக்கு அதிகாரி. தம்பியை யோசியும்.'

தம்பியைத்தான் யோசிக்கிறேன். நா.அ. தோற்றால் கையெழுத்துப் போடத் தலைவர் இல்லை. அவரை நானே தோற்கடித்துவிட்டு சிவபாலனிடம் போய்ப் பேனாவை நீட்டுவதா? அவருக்குப் புக்கெகோஹியில் யாரைத் தெரியும்? மகள் மேசையைத் தாண்டிப் போகும்போது, 'ஜஸ்ட் டூ த ரைட் திங், அம்மா,' என்றாள். பதின்மூன்று வயதில் எல்லாம் சுலபம்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சங்க யாப்பு விதிகளைத் தேடி எடுத்து வாசித்தேன், ஆறு பக்கம். வாக்கெடுப்பு எங்கே, எந்த நேரம் என்பது தேர்தல் அதிகாரியின் முடிவு. அப்படியே இருக்கிறது. ஒருவரும் இதுவரை வாசித்திருக்க மாட்டார்கள்.

முதலில் மாலதிக்குத் தொலைபேசி எடுத்தேன். 'பெட்டி வெளியில, கார் நிப்பாட்டுற இடத்தில. இரண்டு மணியில இருந்து மூண்டு மணி. அதுக்குப் பிறகுதான் உள்ள விளக்கு.'

'உண்மையாவோ அக்கா? அப்ப நாங்கள் வரலாம்.'

பிறகு நா.அ.வுக்கு. தொலைபேசி வயரை விரலில் சுற்றிக்கொண்டேன். சொன்னேன்.

'மழை பெய்தா?'

'குடை இருக்கு அண்ணை.'

'சரி. நீர்தானே அதிகாரி.'

கோபமா இல்லையா, ஒன்றும் பிடிபடவில்லை. கடிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. இரவு முழுக்கப் பயம்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கட்டுரை கொடுத்தாயிற்று. விடை: ஏமாற்றினார்கள், உதவியும் செய்தார்கள், இரண்டும் ஒரே கையால். விரிவுரையாளருக்குப் பிடிக்காது. அவர் ஒருநாளும் ஒருவரிடமும் கடிதத்துக்காகக் காத்து நின்றிருக்க மாட்டார்.

சப்பாத்து வாங்கியாயிற்று. அளவு சிறிது, மாற்ற வேண்டும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

தூறல். மடக்கு மேசை, பூட்டுப் போட்ட பிஸ்கட் தகரம், நான். சென்னைக்காரர் ஒருவர் தானாக வந்து குடை பிடித்தார். 'நீங்க எழுதுங்க மேடம், பேப்பர் நனையக் கூடாது.' ஒரு மணித்தியாலம் கை மாற்றி மாற்றிப் பிடித்தார், நல்ல மனிதர்.

மாலதி வீட்டார் நாலு காரில் வந்தார்கள். இறங்கி, போட்டு, மண்டபப் பக்கம் பாராமல் ஏறிப் போனார்கள். சிவபாலன் மட்டும் நின்று, 'பெரிய உதவி, ரீச்சர்,' என்றார்.

பிறகு நா.அ.வின் வான். மூன்று தடவை வந்து போனது. புது ஆட்கள், புக்கெகோஹித் தோட்டத்து ஆட்கள், போன மாதம் வந்த ஒரு கர்ப்பிணி. ஒருவருக்கும் அவர் ஒரு சொல் சொல்லவில்லை, கதவைத் திறந்துவிட்டதோடு சரி. அந்தப் பெண் பெட்டிக்குள் சீட்டைப் போட்டுவிட்டு அவரைத் திரும்பிப் பார்த்தாள். தகப்பனைப் பார்ப்பது போலத்தான்.

மூன்று மணிக்கு ஐந்து நிமிடம் இருக்க என் சீட்டு. நேர்மையாய் நடத்தியாயிற்று, இனி யாருக்குப் போட்டால் என்ன என்று நினைத்தேன். நா.அ.வுக்குப் போட்டேன். இவருக்குக்கூடச் சொல்லவில்லை, இங்கே மட்டும்.

பதினொரு வாக்கால் வென்றார். பதினெட்டுப் பேரும் வந்து போட்டும் வென்றார். விளக்குப் பூசையே தேவைப்பட்டிருக்கவில்லை. அவருக்கே அது இன்றைக்குத்தான் தெரிந்திருக்கும், முகத்தில் ஒரு ஆச்சரியம். நான் அறிவிக்க எல்லோரும் கை தட்டினார்கள். வடை ஆறிப்போயிருந்தது.

ஆகஸ்ட் 25, திங்கள்

நல்ல வெயில். உடுப்பெல்லாம் வெளியே.

நா.அ. வந்தார். உள்ளே வரவில்லை, வாசலிலேயே. கையில் கடிதம், நீல மையில் கையெழுத்து, சங்க முத்திரையும்.

'நேற்று நல்லாச் செய்தீர் தங்கச்சி. எல்லாரும் சொல்லுகினம், இப்பிடி நேர்மையா ஒரு தேர்தல் முந்தி நடக்கேல்லையாம்.'

கொடியில் காயும் உடுப்பை ஒருதரம் பார்த்துவிட்டு மேலும் சொன்னார்.

'செயலாளர் இடம் காலி. உம்மட பேரைப் போடலாமெண்டு யோசிக்கிறன். இனிமேல் கூட்டத்துக்குத் திகதி குறிக்கிறதும் நீர்தான். என்ன சொல்லுறீர்?'

சொல்லிக்கொண்டே கடிதத்தை நீட்டினார். முதலில் அதை வாங்கினேன். பிறகு ஓம் என்றேன்.