ஒட்டி வைத்த கடைசிப் பக்கம்

காந்தா,

தறியில் குந்திக் குந்தி இடுப்பு கழன்று போச்சு. ஆனாலும் முதல் பஸ்ஸில் மெட்ராஸ் கிளம்புகிறேன். சண்டையில் உன் அண்ணனைக் காணவில்லை என்று தந்தி வந்து இருபது நாள். சண்டையும் முடிந்துவிட்டது. பட்டாள ஆபீசில் நேரில் கேட்காமல் திரும்ப மாட்டேன்.

சோறு வடித்து வைத்திருக்கிறேன். பாப்பாவைப் பால்வாடிக்குக் கூட்டிப் போகும்போது வீட்டைப் பூட்டு. சாவி தறிக்குழி ஓரத்தில் இருக்கிறது.

பாப்பா சாப்பிட மறுத்தால் மடியில் உட்கார வைத்து, டீச்சரம்மா கொடுத்த யானைப் படப் புத்தகத்தைக் காட்டு. அப்பா யானை தூரமாகப் போகிற பக்கத்தில், "குட்டி என்ன பண்ணுது?" என்று கேள். "அழுவுது, அப்புறம் சோறு துண்ணுது" என்பாள். அப்போதே ஊட்டிவிடு. தந்தி வந்ததிலிருந்து வாயே திறக்காத பிள்ளை, அந்தப் புத்தகத்தை விரித்தால்தான் பேசுகிறாள்.

கடைசிப் பக்கத்தை, பாவு நூலுக்குத் தடவுகிற கஞ்சி போட்டு ஒட்டினதுக்கு, "நீ கல்நெஞ்சுக்காரி அண்ணி" என்று கத்தினாய். அதில் அப்பா யானை கரும்போடு திரும்பி வருகிறது. எந்த வாயால் அதைப் படித்துக் காட்டுவேன்? பொங்கலுக்கு அப்பா வந்துடும் என்று நீ சொல்லி வைத்ததில், வாசலை விட்டு நகர மாட்டேன் என்கிறாள். இனி சொல்லாதே. கேட்டால், "தெரியலை, அம்மா கேக்கப் போயிருக்குது" என்று மட்டும் சொல்.

அண்ணி

பி.கு. நேற்று ஒட்டின இடத்தை நகத்தால் சுரண்டி, "அப்பா உள்ள மாட்டிக்கினு இருக்குதும்மா, தண்ணி தொட்டு எடுத்துடலாமா?" என்றாள். அடித்துவிட்டேன். முதுகில் எண்ணெய் தடவு.

எந்தச் சேதி வந்தாலும் ஒட்டினதை நானே பிரித்துக் காட்டுவேன். அந்தப் பக்கம் பிள்ளைக்கு நான் பட்ட கடன்.